தேசிய அரசாங்கமும் திருக்கோணேஸ்வரமும்

பாராளுமன்ற ஆட்சி முறையில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிட்டாவிடின், பல கட்சிகள் சேர்ந்து அரசாங்கம் அமைத்தல் வழக்கம். சேர்ந்த பின் எழும் பிணக்கை யார், எவ்விடத்தில் வைத்துத் தீர்ப்பது என்பதே கடினமான வினா. இதனை ஆராய மேல்நாட்டுச் சரித்திரங்களைப் புரட்ட வேண்டியதில்லை. 1965 ஆம் ஆண்டு நம் நாட்டில் அமைந்த தேசிய அரசாங்கத்தின் கதையே போதுமானது. தமிழரசுக் கட்சி அவ்வரசாங்கத்தை விட்டு வெளியேறியது கோணேசர் கோயிலை ஒட்டி எழுந்த ஒரு விஷயத்திலாகும். ஆதலின் சைவ வாலிபர்களாகிய நாம் அதனை அறிந்திருத்தல் தகும். மூத்த அங்கத்தவர்களிற் சிலர் அதனை நேரிற் கண்டவர்கள்.

1965 மார்ச் 22 ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் 151 பேர் தெரிவாயினர். அவர்களுள் ஐக்கிய தேசியக் கட்சியினர் 66 பேர். பெரும்பான்மைக்கு இன்னும் பத்துப் பேர் வேண்டும். தமிழரசுக் கட்சியிடம் 14 பேர் இருந்தனர். இரண்டே நாளில், மார்ச் 24 இல், திரு. டட்லி சேனநாயக்காவும் திரு. எஸ். ஜே. வி. செல்வநாயகமும் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். வடக்குக் கிழக்கில் தமிழ் நிர்வாக மொழியாதல், நீதிமன்ற மொழிச் சட்டத்தைத் திருத்துதல், மாவட்ட சபைகள் அமைத்தல், குடியேற்றத் திட்டங்களிற் காணி வழங்கும் முறை என்பன அதில் அடங்கிய விஷயங்கள்.

இவ்வுடன்படிக்கையை இன்று படிப்பவர் அதில் இல்லாதனவற்றையும் கவனிக்க வேண்டும். எந்த விஷயத்துக்கும் காலக்கெடு குறிக்கப்படவில்லை. மாவட்ட சபைகளின் அதிகாரங்கள் எவை என்பது இரு தலைவர்களும் பின்னர் உடன்பட்டுத் தீர்மானிக்க வேண்டியதாக விடப்பட்டது. அத்தலைவர்களிடையே உடன்பாடு ஏற்படாவிடின் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிதானும் இல்லை. போதாக்குறைக்கு, அது அப்பொழுது பகிரங்கமாக்கப்படவும் இல்லை. எதிர்க்கட்சிகள் அதனை இரகசிய ஒப்பந்தம் என்று தூற்றுவதற்கு இதுவே வசதியாயிற்று.

அரசாங்கத்திற் சேர்ந்தவை ஏழு கட்சிகள். 1964 டிசம்பரிற் சிறீமாவோ அம்மையாரின் ஆட்சியைக் கவிழ்த்த சி. பி. டி சில்வாவும், தமிழுரிமையைக் கடுமையாக எதிர்த்துப் பெயர் பெற்ற கே. எம். பி. இராஜரத்தினாவும், தமிழ்க் காங்கிரசும், தமிழரசுக் கட்சியும் ஒரே பக்கத்தில் அமர்ந்த காட்சி புதுமையானதுதான்! தமிழரசுக் கட்சி தன் பாராளுமன்ற உறுப்பினர் எவரையும் மந்திரியாக்க விரும்பவில்லை. முன்னர் சொலிசிற்றர் ஜெனரலாயிருந்த திரு. மு. திருச்செல்வம் செனற் சபைக்கு நியமிக்கப்பெற்று, ஸ்தல ஸ்தாபன மந்திரியானார். ஒரு காலை உள்ளேயும் மற்றதை வெளியேயும் வைத்துக் கொண்ட இந்த ஏற்பாடு கட்சியின் மானத்தைக் காத்திருக்கலாம். மந்திரி சபையில் அதன் குரலை ஒற்றைக் குரலாக்கிவிட்டது என்பதே எம் கருத்து.

முதற் சோதனை 1966 ஜனவரி 8 இல் வந்தது. தமிழ் மொழி விசேட விதிகள் சட்டத்தின் கீழான பிரமாணங்கள் பாராளுமன்றத்தில் வந்த அன்று, கொழும்பில் எதிர்ப்பு ஊர்வலம் நடந்தது. டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்று சிங்களத்திற் கோஷமிட்டனர். பொலிசார் சுட்டதில் ஒரு பிக்கு மாண்டார். அவசரகால நிலை பிரகடனமாயிற்று. எனினும் பிரமாணங்கள் நிறைவேறின. பிரதம மந்திரி அன்று பின்வாங்கவில்லை என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். நடைமுறையில் அவை எவ்வளவு தூரம் பயன் தந்தன என்பது வேறு கதை.

மாவட்ட சபை விஷயம் ஒத்திவைப்பிலேயே மூன்று ஆண்டுகளைத் தின்றது. 1968 ஜூனில் வெள்ளை அறிக்கை வெளியானபோது எதிர்க்கட்சிகளோடு ஐக்கிய தேசியக் கட்சியின் பின்வரிசையினரும் எதிர்த்தனர். பிரதம மந்திரி அதனைக் கைவிட்டார். அதே ஆண்டில் ஆட்பதிவு மசோதாவை எதிர்த்த ஊர்காவற்றுறை உறுப்பினர் திரு. வ. நவரத்தினம் தமிழரசுக் கட்சியை விட்டு நீங்க நேர்ந்தது. கூட்டரசாங்கத்துப் பிணக்கு அதிற் சேர்ந்த கட்சியின் உள்ளேயும் பிளவை உண்டாக்கும் என்பதற்கு இது சான்று. இவ்வளவு நடந்தும் கட்சி அரசாங்கத்திலேயே இருந்தது.

பின் எதிலே முறிந்தது? கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622 இல் இடித்து அக்கற்களாற் கோட்டை கட்டியதையும், 1963 இல் அங்கு மீண்டும் கும்பாபிஷேகம் நடந்ததையும் வாசகர் அறிவர். கோயிற் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய மந்திரி திருச்செல்வம் ஒரு குழுவை நியமித்தார். ஆராய்வதற்கு மட்டுமே குழு, எதுவும் பிரகடனமாகவில்லை. அநுராதபுரத்துக்கு அத்தகைய ஏற்பாடு முன்னரே இருந்தது. திருகோணமலைப் பகுதியைச் சேர்ந்த ஒரு பிக்கு ஆட்சேபித்துப் பிரதம மந்திரிக்கு எழுதினார். பிரதம மந்திரி, தம் சக மந்திரியைக் கலந்து கொள்ளாமலே, குழுவின் வேலையை நிறுத்திவிட்டார். 1968 செப்டெம்பரில் திருச்செல்வம் இராஜிநாமாச் செய்தார். கட்சியும் அரசாங்கத்தினின்று வெளியேறியது.

மாவட்ட சபை போனபோது பொறுத்தவர்கள் ஒரு குழுவுக்காக ஏன் கோபித்தார்கள் என்று அக்காலத்திற் கேட்டவர்கள் உண்டு. விலகுவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பாரும் உளர். அதிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் இரண்டும் ஒரே தன்மையனவல்ல. மாவட்ட சபை விஷயத்திற் பிரதம மந்திரி தம் கட்சியை இணங்கச் செய்ய முடியாமற் போனார். அதனைக் கூட்டாளிகள் கண்ணாரக் கண்டனர். கோணேசர் விஷயத்திலோ, தம் இலாகாவுக்குள் மந்திரி செய்த காரியத்தை அவரிடம் ஒரு வார்த்தை கேளாமல் மாற்றினார். நினைத்தது கைகூடாதபோதும் ஒரு கட்சி கூட்டரசாங்கத்தில் இருக்கலாம்; கலந்து பேசும் ஸ்தானமே இல்லையென்றால் மந்திரிப் பதவிக்குப் பொருள் என்ன? அந்த மந்திரியும் இத்தகைய விஷயத்தைப் பிரதம மந்திரியோடு முன்கூட்டியே நன்கு பேசி வைத்திருக்கலாம் என்பது உண்மையே. இருவரும் சந்தித்து அரை மணி நேரத்திற் பேசித் தீர்க்கக்கூடிய காரியம் ஒரு கடிதத்தாற் கெட்டது.

இன்னொன்றும் உண்டு. கட்சியின் பேரம் பேசும் பலம் 1965 மார்ச்சில் உச்சத்தில் இருந்தது. அரசாங்கம் அமைந்ததும் நியமன உறுப்பினர் அறுவர் வந்தனர். சுயேச்சைகள் சிலரும் சார்ந்தனர். ஆதலால் கட்சி விலகியும் ஆட்சி விழவில்லை. 1970 மே மாதத் தேர்தல் வரை நீடித்தது. அத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 17 ஸ்தானங்கள். தமிழரசுக் கட்சிக்கு 13. ஊர்காவற்றுறையில் நவரத்தினம் தோற்றார். கோணேசப் பெருமானைத் தரிசிக்கச் செல்லும் அடியார்கள் இன்றும் பிரட்றிக் கோட்டை வாயிலைக் கடந்தே போகிறார்கள்.