மதுப்பழக்கத்திலிருந்து மீள்வோர்க்கான ஆதரவுக் குழு: அருகிலுள்ள கூட்டத்தைக் கண்டறிவது எப்படி?

மது அடிமைத்தனம் ஒழுக்கக் குறைபாடு அன்று. சிகிச்சையால் கட்டுப்படுத்தக்கூடிய நோய். மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வீடு திரும்புபவர், தாம் குடித்துப் பழகிய தெருவுக்கும் நண்பர்களிடமும் திரும்ப வேண்டியுள்ளது. எனவே, முதல் சில மாதங்களில் மீண்டும் குடிக்கத் தொடங்கும் வாய்ப்பு மிகுதி. அக்காலத்தில் மாலைப்பொழுதில் செல்வதற்கு ஓர் இடத்தையும், அந்நோயிலிருந்து மீண்டவர்களின் துணையையும் அளிப்பதே ஆதரவுக் குழு.

ஆதரவுக் குழு என்றால் என்ன?

இவற்றுள் பரவலாக அறியப்பட்டது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' (ஏ.ஏ.) ஆகும். 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடிநோயால் பாதிக்கப்பட்ட பங்குத் தரகர் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் சந்தித்துப் பேசியதில் இது தோன்றியது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே இதில் சேர்வதற்கான தகுதி. கட்டணம் இல்லை. உறுப்பினர்கள் விரும்பினால் சிறு தொகை அளிக்கலாம். அடையாளம் வெளியிடப்படுவதில்லை.

கூட்டத்திற்குச் செல்லும் முன் கவனிக்க வேண்டியது

நாள்தோறும் அதிக அளவில் குடிப்பவர், மருத்துவர் மேற்பார்வை இன்றித் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்திற்குள் கைநடுக்கம், வியர்வை, பதற்றம், தூக்கமின்மை தோன்றலாம். முதல் 2 நாள்களில் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாள்களில் கடும் மனக்குழப்பமும், இல்லாத உருவங்கள் தெரிதலும் ஏற்படலாம். இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. வலிப்போ குழப்பமோ கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.

ஆகவே, முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுங்கள். குழு, சிகிச்சைக்குத் துணை, மாற்று அன்று. குழுவில் எவரேனும் கூறினார் என்பதற்காக மருந்துகளை நிறுத்தாதீர்கள்.

எங்கே விசாரிக்கலாம்?

- அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை ஆகியவற்றின் மனநலப் பிரிவு, போதை மீட்பு மையங்கள். அங்குள்ள மனநல ஆலோசகர் அல்லது சமூகப் பணியாளரிடம், "எங்கள் ஊருக்கு அருகில் ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது?" என்று நேரடியாகக் கேளுங்கள்.
- தொலைபேசி உதவி எண்கள்: 14446 (தேசிய போதை மீட்பு உதவி எண்), 14416 (டெலி-மானஸ் மனநல ஆலோசனை), 104 (தமிழ்நாடு மருத்துவ உதவி எண்).
- தேவாலய வளாகம், பள்ளி அறை, மருத்துவமனைக் கூடம் போன்ற இடங்களில் கூட்டங்கள் நடைபெறுவதுண்டு. இடம் தேவாலயமாக இருப்பினும், குழு எந்த மதத்தையும் சார்ந்ததன்று.

உங்கள் ஊரில் 'சுய உதவிக் குழு' என்று கேட்டால் மகளிர் சேமிப்புக் குழுவைக் காட்டக்கூடும். 'ஏ.ஏ. கூட்டம்' அல்லது 'குடிநோயாளிகள் மீட்புக் கூட்டம்' என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். அருகில் குழு இல்லையெனில், இணையவழிக் கூட்டம் உள்ளதா என விசாரியுங்கள்.

செல்வதற்கு முன் கேட்டறிய வேண்டியவை

- நாள், நேரம், இடம் மாறியுள்ளனவா?
- கூட்டம் தமிழில் நடைபெறுகிறதா?
- அது திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்த கூட்டத்திற்குக் குடும்பத்தினரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புவோர்க்கு மட்டுமே.
- பெண்களுக்குத் தனிக் கூட்டம் உண்டா?
- வீடு திரும்பக் கடைசிப் பேருந்து கிடைக்குமா?

முதல் நாள் என்ன நடக்கும்?

உறுப்பினர்கள் தம் பெயரை மட்டும் கூறி, தம் அனுபவத்தைப் பகிர்வார்கள். நீங்கள் பேச வேண்டிய கட்டாயம் இல்லை, கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். முதல் கூட்டம் பிடிக்கவில்லையெனில் அத்துடன் கைவிடாதீர்கள். குழுவுக்குக் குழு சூழல் மாறுபடும். சில கூட்டங்களுக்கேனும் சென்று பார்த்து முடிவு செய்யுங்கள். நம்பிக்கை தரும் ஒருவரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கும் எண்ணம் தலைதூக்கும் நேரத்தில் அவரை அழைக்கலாம்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

- குடிநோயாளியின் குடும்பத்தினருக்கென 'அல்-அனான்' என்ற தனிக் குழு உள்ளது. அவர் குடியை நிறுத்த மறுத்தாலும் நீங்கள் அதில் கலந்துகொள்ளலாம்.
- அவருக்குத் தெரியாமல் உணவிலோ காபியிலோ மருந்து கலந்து கொடுக்காதீர்கள். டைசல்பிராம் என்னும் மருந்தை உட்கொண்டவர் மது அருந்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கு ஆபத்து நேரலாம். 'குடியை மறக்கச் செய்யும் பொடி' என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள்.
- வீட்டில் வன்முறை இருப்பின், உங்கள் பாதுகாப்பே முதன்மை. பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

மீண்டும் குடித்துவிட்டால்?

நீண்டகால நோய்கள் எதிலும் போலவே, இதிலும் பின்னடைவு நேரலாம். வெட்கத்தால் கூட்டத்தைத் தவிர்ப்பதே அப்போது பெரிய இழப்பு. அங்குள்ள பலரும் அந்நிலையைக் கடந்து வந்தவர்களே. மருத்துவரை மீண்டும் சந்தியுங்கள். அடுத்த கூட்டத்திற்குச் செல்லுங்கள்.