வக்காலத்தும் மறுப்பும்

நிக்காஹ் மஜ்லிஸில் மணமகளின் சம்மதத்தைப் பெற்றுவந்து சபையோர் முன் சொல்பவரை நாம் வக்கீல் என்கிறோம். பெரம்பலூர்க் கோர்ட்டில் கறுப்பு அங்கியுடன் நிற்பவரையும் அப்பெயராலேயே அழைக்கிறோம். இரண்டும் ஒரே அறபுச் சொல்தான். தன் காரியத்தை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைப்பது வகாலத், ஒப்படைக்கப்பெற்றவர் வக்கீல். இத்தகைய கண்ணியமான சொல், தமிழ்ப் பேச்சு வழக்கில் 'அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?' என்று ஏளனத் தொனி பெற்றுவிட்டது. கேளாமலே பிறருக்காகப் பரிந்து பேசுபவர்கள் நம்மிடையே பெருகிப் போனதுதான் காரணமோ என்னவோ!

வக்கீல் என்பவர் ஆதியில் கோர்ட்டு மனிதர் அல்லர். அக்பர் இளம் பிராயத்தில் அரியணையேறியபோது அவர் பெயரால் ஆட்சி நடத்திய பைராம்கான் வகித்த பதவிக்கு 'வக்கீல்' என்றே பெயர். ஓர் அரசர் மற்றோர் அரசரின் தர்பாரில் வைத்திருந்த பிரதிநிதியும் வக்கீலே. வழக்காடும் தொழிலுக்கு இப்பெயர் சட்டபூர்வமாக நிலைத்தது, வங்காளத்தில் கும்பினியார் 1793ஆம் ஆண்டில் இயற்றிய ஒழுங்குமுறைகளினால் ஆகும். 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சியுரிமை கும்பினியின் கைக்கு மாறிற்று. அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தில் ஜில்லாக் கோர்ட்டுகள் தோன்றலாயின. பெரம்பலூருக்கு வடக்கே சென்னைச் சாலையருகில் நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டை நவாபுகளின் காலத்தை இன்றும் நினைவூட்டுகிறது. கோட்டையில் குடியிருப்பார் இல்லை. ஆனால் அக்காலச் சொற்கள் கோர்ட்டு வராந்தாக்களில் உயிரோடு உலவுகின்றன.

தாவா என்பது உரிமை கோருதல். ஆஜர் என்பது முன்னிலையில் இருத்தல். முன்சீப் என்றால் இன்ஸாஃப் செய்பவர். அமீனா என்பது அமீன், அதாவது நம்பிக்கைக்குரியவர்; ஜப்தி செய்ய வரும்போது நமக்கு அப்படித் தோன்றுவதில்லை! வாய்தா என்பதன் மூலப்பொருள் வாக்குறுதி என்றறியும்போது, பத்தாண்டுகள் வாய்தா வாங்கியே காலங்கழித்த வழக்காளிகள் சிரிப்பதா அழுவதா என்று திகைப்பர். பார்ஸி மொழி கோர்ட்டுகளிலிருந்து 1837இல் விலக்கப்பட்ட பின்னரும் இச்சொற்களை விலக்க எவராலும் இயலவில்லை.

இனி, எதிர்த்தரப்பின் கதையைக் காண்போம். பழைய ஆங்கிலக் கோர்ட்டுகளில் பிரதிவாதி சார்பில் தரப்படும் பதில், 'வந்து, வன்முறையையும் தீங்கையும் டிஃபெண்டு செய்கிறான், எப்போது எங்கே செய்யக் கடமைப்பட்டானோ அப்போது அங்கே' என்ற வாய்பாட்டோடு தொடங்கும். 1733 வரை ஏடுகளில் இது லத்தீனிலேயே எழுதப்பட்டது. வன்முறையைக் காப்பாற்றுவதா என்று இன்று படிப்பவர் குழம்புவர். அச்சொல்லுக்கு அங்கே காத்தல் என்ற பொருளே இல்லை. மறுத்தல் என்பதே பொருள். பிரெஞ்சு மொழியில் இன்றும் அச்சொல் 'தடுத்தல்' என்ற பொருளைத் தாங்கியுள்ளது. பிளாக்ஸ்டன் என்னும் சட்ட அறிஞர் 1768இல் வெளிவந்த தம் நூலின் மூன்றாம் பாகத்தில் இதை விளக்கினார்.

அவ்வாய்பாட்டின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விலை இருந்தது. வன்முறையையும் தீங்கையும் மறுத்தால், 'என் பெயரைத் தவறாக எழுதியுள்ளனர்' என்று பிறகு சொல்ல முடியாது. நஷ்டத்தை மறுத்தால், வழக்கிட வாதிக்குள்ள தகுதியை ஏற்றதாகும். 'எப்போது எங்கே' என்று சொல்லிவிட்டால் அந்தக் கோர்ட்டின் அதிகாரத்துக்கே கட்டுப்பட்டதாகும். வாய் திறக்குமுன் எதை மறுக்கிறோம், எதை ஒப்புகிறோம் என்று அளந்து பேச வேண்டிய நிலை அது.

இவ்விடத்தில் நமக்கு ஃபிக்ஹு நூல்கள் நினைவுக்கு வருகின்றன. வாதிடுபவர் மீது சாட்சியமும் மறுப்பவர் மீது சத்தியமும் கடமை என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தீர்ப்பு நெறி. அங்கும் பிரதிவாதி 'மறுப்பவர்' என்றே குறிக்கப்படுகிறார். ஒன்றையொன்று பார்த்து எழுதியதாக நாம் சொல்ல வரவில்லை. வழக்கின் இயல்பே இரு நிலங்களிலும் ஒரே சொல்லைத் தேடிக்கொண்டது.

வாய்பாடு இன்று ஒழிந்தது, உள்ளுறை ஒழியவில்லை. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, வாதி கூறிய சங்கதி எதனையும் பிரதிவாதி குறிப்பாக மறுக்காவிட்டால் அதை ஒப்பியதாகவே கொள்ளப்படும். சிறார் போன்றோர் மட்டுமே விலக்கு. மழுப்பலான மறுப்பும் செல்லாது. 'இவர் 10,000 ரூபாய் பெற்றார்' என்று வழக்கிருந்தால், 'அத்தொகையைப் பெறவில்லை' என்பது போதாது. அத்தொகையையோ அதில் எப்பகுதியையோ பெறவில்லை என்றோ, பெற்றது எவ்வளவு என்றோ எழுதவேண்டும். இடத்தைப் பற்றிய ஆட்சேபத்தையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். நம் பகுதியார் இதில் ஏமாந்துவிடக் கூடாது: 1995க்கு முந்திய பத்திரங்களில் திருச்சி மாவட்டம் என்றிருக்கும், அவ்வாண்டு பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது, அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007இல் மறுபடி பிரிந்தது.

சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் எதிருரை தரவேண்டும். கோர்ட்டு அனுமதித்தால் 90 நாட்கள் வரை தரலாம். இந்தத் தொண்ணூறும் இரும்பு வேலியன்று என்று 2005இல் உச்சநீதிமன்றம் கூறியது. அவ்வழக்கைத் தொடுத்தவர்கள் நம் சேலத்து வழக்கறிஞர் சங்கத்தார். ஆயினும் அத்தயவை நம்பி வாளாவிருப்பது பேதைமை.

வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிக்காடு முதலான ஊர்களில் ஆண்மக்கள் பலர் வளைகுடாவில் உழைக்கிறார்கள். பாகப்பிரிவினை வழக்கின் சம்மன் அவர்களுடைய வீட்டு வாசலுக்கு வருகிறது. முன்பெல்லாம், இல்லாதவருக்குப் பதிலாக அவரோடு வசிக்கும் வயதுவந்த ஆண் உறுப்பினரிடமே சம்மனைச் சார்வு செய்ய இயலும். 1976ஆம் ஆண்டுத் திருத்தம் 'ஆணாயினும் பெண்ணாயினும்' என்று ஆக்கிவிட்டது. தாயாரோ மனைவியோ கையொப்பமிட்டு வாங்கிய தாளை, 'அவர் வந்து பார்த்துக்கொள்வார்' என்று அலமாரியில் வைத்தால், விளைவு ஒருதலைத் தீர்ப்பாகவே முடியும். ஊரில் இல்லாதவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையொப்பத்தை உறுதிசெய்து முக்தியார் பத்திரம் அனுப்பலாம். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தவேண்டும். ஒருதலைத் தீர்ப்பை நீக்க மனுச் செய்யும் கெடு, தீர்ப்பு நாளிலிருந்து 30 நாட்கள். சம்மன் முறைப்படி சார்வாகவில்லையெனில், தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து அது எண்ணப்படும். வாங்கிய தாளில் வீட்டுப் பெண்ணின் கையொப்பம் இருக்கும்போது, அறியவில்லை என்று மறுப்பது எளிதாக இராது.