எண்பதுகளின் குவார்ட்ஸ் கைக்கடிகாரம்

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியிலுள்ள கடிகார நகரம் லா ஷோ-து-ஃபோன். அங்குள்ள பன்னாட்டுக் கடிகார அருங்காட்சியகம் இன்றைய கட்டடத்தில் 1974இல் திறக்கப்பட்டபோதே, ஊரின் பட்டறைகள் ஆட்டம் கண்டிருந்தன. 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ விற்பனைக்குக் கொண்டுவந்த குவார்ட்ஸ் கைக்கடிகாரமே அதன் தொடக்கம். நொடிக்கு 8,192 முறை அதிரும் அதன் படிகம், தலைமுறைகளின் கைத்திறனைத் துல்லியத்தில் விஞ்சியது.

சுவிஸ் தரப்பின் பதிலடி, 1983 மார்ச்சில் வந்த ஸ்வாட்ச். வெறும் 51 பாகங்கள். பாகங்கள் நேராக பிளாஸ்டிக் கூட்டிலேயே பொருத்தப்பட்டு, மேல்கண்ணாடி ஒலியலையால் ஒட்டப்பட்டது. பழுது பார்க்கத் திறக்க முடியாது. பின்புறத்தில், நாணயத்தால் திருகித் திறக்கும் பேட்டரி மூடி மட்டும் உண்டு. பழுதுபார்ப்பவரை வேண்டாமென்ற பொருளை இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது வியப்புக்குரியது. ஆனால் அந்த வண்ணங்களின் துணிச்சல் அதற்குத் தகுதியானதே.

தமிழகத்தில் பழைய கைக்கடிகாரங்கள் மீதான இத்தகைய ஏக்கம் ஓசூர் டைட்டன் குவார்ட்ஸையும், அது ஓரங்கட்டிய, சாவி கொடுக்கும் எச்.எம்.டி.யையும் ஒருசேரச் சுற்றுகிறது. அன்று ஆட்டம் கண்ட லா ஷோ-து-ஃபோனோ, அண்டை நகரான லு லொக்லுடன் சேர்ந்து 2009இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.