சினைப்பையைக் காக்கும் அறுவை சிகிச்சை: மாதவிடாய், கருவுறும் திறனில் நீண்டகால விளைவுகள்

சினைப்பை நீர்க்கட்டி, சினைப்பை முறுக்கம், கருப்பை நார்த்திசுக் கட்டி போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சை செய்யும்போது, சினைப்பையை அகற்றாமல் விட்டுவைக்கும் முறை 'சினைப்பையைக் காக்கும் அறுவை சிகிச்சை' எனப்படுகிறது. ஆயினும், சினைப்பை காக்கப்பட்டதாலேயே மாதவிடாயும் கருவுறும் திறனும் முன்புபோல் நீடிக்கும் என்று கூற இயலாது. எந்த உறுப்பு அகற்றப்பட்டது, சினைப்பைத் திசு எவ்வளவு எஞ்சியது என்பதைப் பொறுத்தே அது அமையும்.

பிறக்கும்போதே பெண்ணின் சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கும். பருவமடையும்போது அவை 3 முதல் 4 லட்சமாகக் குறைந்துவிடும். அறுவை சிகிச்சையில் இழந்த முட்டைகளுக்கு ஈடாகப் புதியவை உருவாவதில்லை.

நீர்க்கட்டி அகற்றம்

சாதாரண நீர்க்கட்டியை மட்டும் அகற்றினால் மாதவிடாய் பெரும்பாலும் வழக்கம்போல் தொடரும். எண்டோமெட்ரியோசிஸ் பாதிப்பால் உருவாகும் 'சாக்லேட்' கட்டியில் நிலைமை வேறு. அதன் சுவரைப் பிரிக்கும்போது நலமான திசுவும் சேர்ந்து வெளியேறக்கூடும். ரத்தக்கசிவை நிறுத்தச் சூடிடுவதும் முட்டைகளைப் பாதிக்கலாம். இதனால் முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் அளவு குறைகிறது. இருபுறமும் கட்டி இருந்தவர்களுக்கு இழப்பு கூடுதல். எனினும், ஏஎம்எச் குறைந்திருப்பதால் மட்டும் இயல்பாகக் கருத்தரிக்க இயலாது என்று பொருளல்ல.

சினைப்பை முறுக்கம்

ரத்த ஓட்டம் தடைபட்டு நிறம் கறுத்த சினைப்பையை அகற்றிவிடுவதே முன்பு வழக்கமாக இருந்தது. தற்போது முறுக்கை நீக்கி உறுப்பைக் காப்பதே, குறிப்பாகச் சிறுமியருக்கு, பரிந்துரைக்கப்படுகிறது. பெரும்பாலானோருக்குச் சினைப்பை மீண்டும் இயங்கத் தொடங்குகிறது.

ஒரு சினைப்பையை அகற்ற நேர்ந்தாலும் மற்றொன்றின் துணையால் மாதவிடாய் தொடரும், கருத்தரிக்கவும் இயலும். இத்தகைய பெண்களுக்கு மாதவிடாய் நிறைவு சுமார் ஓராண்டு முன்னதாக வருவதாக, நார்வேயில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

கருப்பை மட்டும் அகற்றப்பட்டால்

கருப்பையை அகற்றிச் சினைப்பைகளை விட்டுவைத்தால் மாதவிடாய் நின்றுவிடும். கருவைச் சுமக்க இயலாது. ஆனால் ஹார்மோன் சுரப்பு தொடரும். கருமுட்டையும் கிடைக்கும் என்பதால், 2021-ஆம் ஆண்டு வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டத்தின் நிபந்தனைகளுக்கு உள்பட்டு, தகுதியுள்ள தம்பதியர் சொந்தக் குழந்தை பெற வாய்ப்பு உண்டு.

அதேவேளையில், இவ்வாறு கருப்பை அகற்றப்பட்டவர்களின் சினைப்பைகள் முன்கூட்டியே செயலிழக்கும் அபாயம், மற்ற பெண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று அமெரிக்காவில் 2011-இல் வெளியான ஆய்வு குறிப்பிட்டது. மாதவிடாய் ஏற்கெனவே நின்றுவிட்டதால் இம்மாற்றத்தை அறிவது கடினம். உடல் வெப்ப அலை, உறக்கமின்மை போன்ற அறிகுறிகளைக் கவனிப்பது அவசியம். இரு சினைப்பைகளையும் இளவயதில் அகற்றினால் மாதவிடாய் நிறைவு திடீரென ஏற்படுவதுடன், எலும்புத் தேய்மானம், இதய நோய் அபாயமும் கூடும்.

இந்தியாவில் நிலை

ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 3.3 சதவீதத்தினர் கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆந்திரம், தெலங்கானாவில் இந்த விகிதம் தேசிய சராசரியைவிட அதிகம். தேவையற்ற கருப்பை அகற்றத்தைத் தடுப்பதற்கான மத்திய அரசின் வழிகாட்டுதல்களை 3 மாதங்களுக்குள் ஏற்குமாறு மாநிலங்களுக்கு உச்சநீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

பரிசோதனைக்காக மயக்க மருந்து செலுத்தப்பட்ட 44 வயதுப் பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும், அவருடைய தாயின் ஒப்புதலை மட்டும் பெற்று அகற்றப்பட்ட வழக்கில், அந்த ஒப்புதல் செல்லாது என 2008-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், முடிவெடுக்கும் உரிமை சம்பந்தப்பட்ட பெண்ணுக்கே உரியது என்பதை அத்தீர்ப்பு உறுதிசெய்தது.

எனவே, எந்தெந்த உறுப்புகள் அகற்றப்படும், எவை விட்டுவைக்கப்படும் என்பதை ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன்பே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். குழந்தை பெற விரும்புவோர் ஏஎம்எச் பரிசோதனை, கருமுட்டை உறைநிலைச் சேமிப்பு ஆகியவை குறித்தும் ஆலோசிக்கலாம். கருப்பை அகற்றப்படாதவர்களுக்குச் சிகிச்சைக்குப் பின் 3 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் மருத்துவரை அணுகுவது அவசியம்.