கையில் பிடித்து எடுக்கும் போட்டோ ஏன் ஷேக் ஆகுது? கேமராவின் ‘ஸ்டெபிலைசேஷன்’ என்ன செய்யும், என்ன செய்யாது?

நாகர்கோவில் வடசேரி, கோயில் நகைகளுக்குப் பெயர்போன ஊர். வெள்ளியில் செய்து, தங்க ரேக்கு ஒட்டி, சிவப்பு, பச்சை கெம்புக் கற்கள் பதிக்கும் இந்த நகைகள் ஒருகாலத்தில் சாமி சிலைகளுக்கானவை. இன்று பரதநாட்டியம் ஆடுபவர்களின் நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ஒட்டியாணம் எல்லாம் இந்த வேலைப்பாடுதான். ‘நாகர்கோவில் கோயில் நகை’ என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இப்படிப்பட்ட நகையை வெளியூரில் இருப்பவர் முதலில் பார்ப்பது செல்போனில் வரும் போட்டோவில்தான். கல் பதித்த விதம் தெளிவாகத் தெரிந்தால் நம்பிக்கை வரும். படம் கலங்கியிருந்தால் கைவேலைக்கும் அச்சில் வார்த்த கவரிங்குக்கும் வித்தியாசமே தெரியாது. ‘ஸ்டெபிலைசேஷன் உள்ள போன்தானே, அப்புறமும் ஏன் ஷேக் ஆகுது?’ என்ற கேள்வி பலருக்கும் உண்டு. பார்க்கலாம்.

*ஸ்டெபிலைசேஷன் எப்படி வேலை செய்கிறது?*

நம் கை எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டுதான் இருக்கும். வெயிலில் ஷட்டர் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்திருப்பதால் அந்த நடுக்கம் படத்தில் தெரியாது. இருட்டில் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும். அப்போது நடுக்கமும் படத்தில் பதிந்துவிடும்.

கேமராவுக்குள் இருக்கும் ஜைரோஸ்கோப் சென்சார் இந்த அசைவை நொடிக்குப் பல நூறு முறை அளக்கிறது. கை ஒரு பக்கம் சாய்ந்தால், லென்ஸின் ஒரு பகுதியோ சென்சாரோ அதை ஈடுகட்டும் விதமாக நகரும். இதுதான் ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன், சுருக்கமாக ஓஐஎஸ். 1995-ல் கேனான் இதை எஸ்எல்ஆர் கேமரா லென்ஸில் கொண்டுவந்தது. 2012-ல் நோக்கியா லூமியா 920 மூலம் செல்போனுக்கும் வந்தது.

விலை குறைந்த பல போன்களில் இருப்பது இஐஎஸ், அதாவது எலக்ட்ரானிக் முறை. இது வீடியோவின் ஓரங்களை வெட்டி, ஆட்டத்தைச் சமன் செய்யும். போட்டோவில் ஏற்கெனவே பதிந்துவிட்ட கலங்கலை இது சரிசெய்யாது. போன் வாங்கும்போது ஓஐஎஸ் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

*எவ்வளவு உதவும்?*

போட்டோகிராபர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. 50 மி.மீ. லென்ஸ் என்றால் ஷட்டர் வேகம் குறைந்தது 1/50 நொடி, 200 மி.மீ. என்றால் 1/200 நொடி. ஜூம் கூடக் கூட நடுக்கமும் பெரிதாகத் தெரியும் என்பதுதான் காரணம்.

ஸ்டெபிலைசேஷனின் திறனை ‘ஸ்டாப்’ கணக்கில் சொல்வார்கள். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நேரம் இரட்டிப்பாகும். 4 ஸ்டாப் திறன் என்றால், 1/200 நொடி தேவைப்படும் இடத்தில் 1/100, 1/50, 1/25 என்று இறங்கி, சுமார் 1/12 நொடி வரை கையில் பிடித்தே எடுக்கலாம்.

*எங்கே கைவிடும்?*

முதலாவது, எதிரில் இருப்பவர் அசைந்தால். தோவாளை பூச்சந்தையில் விடியற்காலையில் பூ கட்டுபவரின் விரல்களை எடுத்தால், பின்னால் இருக்கும் கூடை ஷார்ப்பாக வரும், விரல்கள் மட்டும் கலங்கும். கேமராவின் அசைவைத்தான் ஓஐஎஸ் தடுக்கும், விரலின் அசைவை அல்ல. இங்கே ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதுதான் வழி. அதற்காக ஐஎஸ்ஓ-வை ஏற்றினால் படத்தில் கொஞ்சம் புள்ளி விழும். பரவாயில்லை. புள்ளியைக் குறைக்க ஆப் இருக்கிறது, கலங்கிய விரலைத் திருப்பி எடுக்க முடியாது.

இரண்டாவது, ரொம்ப பக்கத்தில் எடுக்கும்போது. வடசேரி நகைக்கு வரும் சிக்கல் இதுதான். சாதாரண ஓஐஎஸ் பெரும்பாலும் கேமரா சாய்வதைத்தான் திருத்தும். கெம்புக் கல்லுக்கு மிக அருகில் போகும்போது, கை மேலும் கீழுமாக, முன்னும் பின்னுமாக நகர்வதே பெரிய தொல்லை. ஃபோகஸும் நழுவிவிடும்.

*என்ன செய்யலாம்?*

- முதலில் லென்ஸைத் துடையுங்கள். விரல் ரேகை படிந்திருந்தாலும் படம் மங்கும்.
- நகையை ஜன்னல் ஓரத்திலோ வாசல் திண்ணையிலோ வையுங்கள். வெளிச்சம் கூடினால் ஷட்டர் தானாகவே வேகமாகும்.
- கல்லின் மேல் திரையைத் தொட்டு ஃபோகஸ் வையுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து, பிறகு கிராப் செய்யலாம்.
- முழங்கையை மேசையில் ஊன்றுங்கள் அல்லது உடம்போடு ஒட்டிவையுங்கள். 2 நொடி டைமர் வைத்தால் பட்டனைத் தொடும் ஆட்டமும் இருக்காது.
- நாலைந்து படம் தொடர்ந்து எடுங்கள். ஒன்றாவது ஷார்ப்பாக வரும்.
- டிரைபாடில் வைத்தால், சில பழைய லென்ஸ்களில் ஸ்டெபிலைசேஷனை அணைக்க வேண்டும். இல்லாத அசைவைத் தேடி அதுவே படத்தைக் கலக்கலாம்.

*எதனால் கலங்கியது என்று எப்படித் தெரியும்?*

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுக்கம். அசையும் பொருள் மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. நகை மங்கலாகி, அதற்குக் கீழே விரித்த துணி தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தப்பிவிட்டது. காரணம் தெரிந்தால் அடுத்த படம் சரியாக வந்துவிடும்.

*பைக்கில் போன் மாட்டுபவரா?*

பவர்ஃபுல் பைக் இன்ஜினின் அதிர்வு தொடர்ந்து பட்டால் ஓஐஎஸ், ஆட்டோஃபோகஸ் பாகங்கள் பாதிக்கப்படலாம் என்று 2021-ல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. கன்னியாகுமரிக்கு விடியற்காலையில் சூரிய உதயம் பார்க்க பைக்கில் கிளம்புகிறவர்கள், போனை ஹேண்டில்பாரில் மாட்டாமல் பைக்குள் வைத்துக்கொள்வது நல்லது.