நண்டைவிட்டு வெளியேறிய புரதம்

ஃபேக்டர் சி பிறந்த இடம் குதிரைலாட நண்டின் நீல ரத்தம். அந்த நண்டுக்கு நம்மைப் போல எதிர்ப்பொருள்கள் கிடையாது. கிராம்-நெகட்டிவ் பாக்டீரியா உடம்புக்குள் நுழைந்தால், அதன் மேலுறையில் உள்ள எண்டோடாக்சினை ரத்த அணுக்களிலிருந்து வெளிவரும் இந்தப் புரதம் அடையாளம் காணும். உடனே நொதிகள் ஒன்றையொன்று தூண்டிவிட, ரத்தம் கூழாக உறைந்து கிருமியைச் சிறைபிடிக்கும்.

அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் ஃபிரெடரிக் பேங் இந்த உறைதலைப் பார்த்து 1956இல் எழுதினார். பிறகு ஜாக் லெவினுடன் சேர்ந்து அதைச் சோதனைக் குழாய்க்குள் கொண்டுவந்தார். அதுவரை ஊசிமருந்து சுத்தமா என்று அறிய அதை முயலுக்கு ஏற்றி, காய்ச்சல் வருகிறதா என்று மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். கிருமியைக் கொதிக்கவைத்துக் கொன்றாலும் எண்டோடாக்சின் எளிதில் அழியாது. காய்ச்சலைக் கொடுப்பது அதுதான். நண்டின் ரத்த அணுச் சாறோ சுமார் ஒரு மணி நேரத்தில் விடை சொன்னது. 1977இல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது.

நோயாளியின் ரத்தத்திலேயே சோதித்தால் தொற்றால் உயிருக்கே ஆபத்தாகும் செப்சிஸை உடனே பிடித்துவிடலாம் என்ற ஆசை எழாமல் இருக்குமா? முயன்றார்கள். மனித ரத்தத்தின் புரதங்கள் குறுக்கிட்டதால் நம்பும்படியான விடை வரவில்லை. ஆனால் அதே சாற்றில் உள்ள ஃபேக்டர் ஜி, பூஞ்சையின் குளுக்கனைக் கண்டுகொள்ளும். உடலுக்குள் பரவிய பூஞ்சைத் தொற்றைத் தேட மருத்துவமனைகள் இன்று அதைப் பயன்படுத்துகின்றன.

இதற்கெல்லாம் விலை கொடுத்தவை நண்டுகள். ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் பிடித்து, ரத்தத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு கடலில் விடுகிறார்கள். எல்லாம் பிழைப்பதில்லை.

நண்டே வேண்டாம், புரதம் மட்டும் போதும் என்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங்கும் ஹோ பாவும் இறங்கினார்கள். அலையாத்திக் காட்டுக் குதிரைலாட நண்டின் ஃபேக்டர் சி மரபணுவைப் பிரித்தெடுத்து, பூச்சிச் செல்களுக்குள் செலுத்தி, புரதத்தை அங்கேயே விளைவித்தார்கள். இந்தச் சோதனையில் ரத்தம் உறைவதில்லை. எண்டோடாக்சின் இருந்தால் கரைசல் ஒளிர்கிறது.

2003இல் இது விற்பனைக்கு வந்தது. மருந்துகளின் தர விதிகளைச் சொல்லும் ஐரோப்பிய மருந்தக நூல் இதை முறையாக ஏற்றது 2021இல். அமெரிக்க மருந்தக நூலில் 2025இல்தான் இடம் கிடைத்தது. முயலிலிருந்து நண்டுக்கு மாறக்கூட இத்தனை காலம் ஆகவில்லை. தாமதம் ஆய்வகத்தில் நேர்ந்ததல்ல. பழகிய முறையை விட்டுப் புதியதை ஏற்பதில் நேர்ந்தது.