டெலிபோன் கம்பியிலிருந்து ஹெட்போன் அம்ப் வரை: "பெலன்ஸ்ட்" வந்த பாதை



தொழிலுக்குப் போகத் தொடங்கிய நமது பிள்ளைகள் சிலர் வீட்டில் அமைதியாக இருந்து கேட்க நல்ல ஹெட்போன் வாங்குகிறார்கள். நல்ல ஆசைதான். கூடவே எங்களிடம் ஒரு கேள்வியும் வருகிறது: "சேர், பெலன்ஸ்ட் அம்ப் எடுக்கவா, சாதாரணமானது போதுமா?" இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசம் சில வேளை ஒரு மாதச் சம்பளம். ஆகவே இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். வரலாறு தெரிந்தால் பதில் பாதி கிடைத்த மாதிரி.

கிரஹாம் பெல் 1876இல் டெலிபோனுக்குக் காப்புரிமை பெற்றார். ஆரம்பத்தில் ஒரு கம்பிதான் இழுத்தார்கள். மின்சாரம் திரும்பி வரும் வழியாகப் பூமியையே பயன்படுத்தினார்கள். பக்கத்தில் போன தந்திக் கம்பிகளின் இரைச்சலெல்லாம் பேச்சோடு கலந்தது. 1881இல் பெல் அதற்கு ஒரு மருந்து கண்டார்: இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி இழுப்பது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறும். கேட்கும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுக்கும். சமமானது கழிந்துவிடும், பேச்சு மட்டும் மிஞ்சும். பின்னர் நகரங்களில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கி இரைச்சல் கூடியபோது கம்பனிகள் இரட்டைக் கம்பிக்கு மாறியே ஆக வேண்டியதாயிற்று.

இதுதான் பெலன்ஸ்ட். நம் வீடுகளுக்கு வந்த பழைய லேண்ட் போன் வயரும் இதுதான். பாடசாலை மண்டபத்திலும் பள்ளிவாசலிலும் மைக்கிலிருந்து நீளமாகப் போகும் மூன்று முள் எக்ஸ்.எல்.ஆர். கேபிளும் இதுதான். அதாவது நீண்ட தூரம், மெல்லிய சமிக்ஞை, சுற்றிலும் இரைச்சல் என்ற மூன்றும் சேரும் இடத்துக்கான மருந்து.

ஹெட்போனின் கதை வேறு. 1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியல் பால்ட்வின், தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போனை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். 1958இல் ஜோன் கோஸ் ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தார். பெரிய 6.35 மி.மீ. பிளக் டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் சுவிட்ச் போர்டிலிருந்து வந்தது. 1979இல் சோனி வோக்மன் வந்த பின் சிறிய 3.5 மி.மீ. பிளக் உலகமெங்கும் பரவியது. இந்த ஸ்டீரியோ பிளக்குகளில் மூன்று தொடுமுனைகள்: இடம், வலம், இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி.

2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹெட்ரூம் போன்ற சிறு நிறுவனங்கள் அந்தப் பொது வழியை இரண்டாகப் பிரித்தன. ஒவ்வொரு காதுக்கும் இரண்டு அம்ப் சுற்றுகள். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். இதற்கு நான்கு முள் எக்ஸ்.எல்.ஆர். பயன்பட்டது. 2014இல் அஸ்டெல் அண்ட் கேர்ன் ஏ.கே. 240 கையடக்கக் கருவி 2.5 மி.மீ. துளையுடன் வந்தது. 2016இல் சோனி 4.4 மி.மீ. துளையைக் கொண்டுவந்தது. இன்று கடைகளில் அதிகம் காண்பது இதைத்தான்.

இங்கேதான் பெயர் நம்மைக் குழப்புகிறது. ஹெட்போன் வயர் ஒன்றிரண்டு மீற்றர்தான். அதில் போவதும் மைக்கின் மெல்லிய சமிக்ஞை அல்ல, பலமான சமிக்ஞை. வெளி இரைச்சல் அதில் ஒரு பிரச்சினையே இல்லை. ஆகவே பெல்லின் மருந்துக்கு இங்கே நோய் இல்லை. ஹெட்போனில் பெலன்ஸ்ட் தருவது வேறு இரண்டு: ஒரே மின்வழங்கியில் இரட்டிப்பு வோல்ட், அதனால் கணக்குப்படி நான்கு மடங்கு வரை சக்தி. அடுத்தது, பொது வழி இல்லாததால் இடமும் வலமும் கலப்பது குறையும். ஆனால் இரண்டு சுற்றுகள் தொடராக நிற்பதால் அம்பின் வெளியீட்டு ஓமும் இரட்டிப்பாகும்.

அந்தச் சக்தி நமக்குத் தேவையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இசையின் உச்சக் கணங்களுக்கு 110 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். சென்ஹைசர் எச்.டி. 650, 300 ஓம். 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல் தரும். 110க்குச் சுமார் 2.2 வோல்ட், அதாவது 17 மில்லி வாட் போதும். ஹைஃபைமேன் எச்.ஈ-6, 50 ஓம். 1 மில்லி வாட்டுக்கு 83.5 டெசிபல் மட்டுமே. அதே 110க்கு 450 மில்லி வாட் அளவில் வேண்டும். இருபத்தாறு மடங்கு! முதலாவதுக்குப் பெலன்ஸ்ட் ஓர் ஆடம்பரம். இரண்டாவதுக்கு அதில் நியாயம் உண்டு.

2011இல் பெயரை வெளியிடாத ஒரு பொறியியலாளர் ஒப்ஜெக்டிவ்2 என்ற அம்பின் வரைபடத்தை யாரும் செய்து பார்க்கலாம் என்று இலவசமாக வெளியிட்டார். அது பெலன்ஸ்ட் அல்ல. ஆனாலும் 150 ஓமுக்கு மேற்பட்ட ஹெட்போன்களுக்குச் சுமார் 7 வோல்ட் தந்தது. வெளியீட்டு ஓம் அரை அளவுதான். சாதாரண அம்ப் தரம் குறைந்தது என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

ஆகவே ஒப்பிடும்போது பெயரை விட்டு எண்களைப் பாருங்கள். உங்கள் ஹெட்போனின் ஓம் எத்தனை, டெசிபல் எத்தனை? அந்த ஓமுக்கு அம்ப் எத்தனை மில்லி வாட் தருகிறது? அம்பின் வெளியீட்டு ஓம், ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒன்றுக்குக் குறைவா? இன்னொன்று: இரண்டு துளைகளையும் மாற்றிக் கேட்கும்போது சத்தத்தைச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். பெலன்ஸ்ட் துளையில் 6 டெசிபல் வரை கூடக் கேட்கும். கூடச் சத்தமானதைக் காது நல்லது என்றே நம்பும்.

கடைசியாக, பெற்றோர் கவனத்துக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு, வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். 90 டெசிபலில் அது 4 மணித்தியாலமாகச் சுருங்கும். 110இல் இரண்டரை நிமிடம்கூட இல்லை. பலமான அம்ப் வாங்குவதென்றால் வொலியூம் கைக்குள் இருக்க வேண்டும். போன செவிப்புலன் எந்த விலைக்கும் திரும்பி வராது.

வாங்க யோசிப்பவர்கள் ஹெட்போனின் ஓமையும் டெசிபலையும் கீழே எழுதுங்கள். சேர்ந்து கணக்குப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம், இன்ஷா அல்லாஹ்.